மாட்டு ஆன்டிபாடி எச்ஐவியைத் தடுக்கிறது என்கிறார்கள், அப்படியானால் என் கன்று ஏன் கழிச்சலில் செத்தது?

வாழப்பாடி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாம் ஈத்து. கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட்டு வந்திருக்கிறார். இரவு பதினோரு மணிக்குக் கிடேரிக் கன்று போட்டது. விடியற்காலை நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்ததும் கன்றை ஊட்டவிட்டார்கள். ஒன்பதாம் நாள் கழிச்சல் கண்டு, பன்னிரண்டாம் நாள் கன்று செத்துவிட்டது. மாட்டு ஆன்டிபாடி எச்ஐவி கிருமியையே தடுக்கிறது என்ற செய்தியை அந்த வாரம்தான் கைபேசியில் படித்திருக்கிறார். "அவ்வளவு எதிர்ப்பு சக்தி உள்ள மாட்டின் கன்று சாதாரணக் கழிச்சலில் எப்படிச் சாகும்? சீம்பாலை நாங்கள் குடித்தால் எங்களுக்கும் அந்தச் சக்தி வருமா? மாடு மறுபடி ஆறு மாதச் சினை, இந்த முறை என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். தாயின் உடம்பில் உருவான ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம், அடுத்த உயிருக்கு எந்த வழியாகப் போகிறது, எப்போது போகிறது, எப்போது போகாது? இது தெரிந்தால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும். நான் சேலம் மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். அதில் நான்கு வருடம் ஏற்காட்டு மலைமேல். முதுகலையில் நோய் எதிர்ப்பியல் படித்தேன். உங்கள் கன்றை நான் பார்க்கவில்லை, அதனால் எந்தக் கிருமி அதைக் கொன்றது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி, "நஞ்சு விழுந்ததும் ஊட்டவிட்டோம்" என்பது, என் கண்ணில் பட்டுவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஆன்டிபாடி எங்கே உருவாகிறது என்று பார்ப்போம். கழுத்தில் ஊசி போட்ட ஒரு வாரத்தில், அந்தப் பக்கத்துத் தோளுக்கு முன்னால் விரல்களை அழுத்தி உருட்டிப் பாருங்கள். தோலுக்கடியில் ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு நகரும். நம் கால் விரலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே நெறிதான். பயப்பட வேண்டியதில்லை. அந்த நிணநீர் முடிச்சுக்குள் பி செல் என்ற வெள்ளணுக்கள் அந்த நேரத்தில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பி செல்லும் தன் மேல்பரப்பில் ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் ஏந்தியிருக்கும். தடுப்பூசியில் வந்த பொருளோடு யாருடையது கொஞ்சமாவது பொருந்துகிறதோ, அந்தச் செல் மட்டும் பெருகும். பெருகும்போது ஆன்டிபாடிக்கான மரபணுவில் வேண்டுமென்றே சிறு சிறு எழுத்து மாற்றங்களைச் செய்துகொள்ளும். மாற்றத்தில் இன்னும் நன்றாகப் பொருந்துவது பிழைக்கும், மற்றவை சாகும். பிழைத்தவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறி ஆன்டிபாடியை ரத்தத்தில் கொட்டும். இன்னொரு பகுதி நினைவுச் செல்லாகக் காத்திருக்கும். முதல் ஊசிக்கு மெதுவாக, குறைவாக வரும் ஆன்டிபாடி, இரண்டாம் ஊசிக்கு வேகமாகவும் நிறையவும் வருவது இந்த நினைவுச் செல்களால்தான். பூஸ்டரை விட்டுவிடாதீர்கள் என்று முகாமில் தொண்டை கிழியச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

இதிலிருந்தே ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கோமாரி ஊசிக்கு உருவான ஆன்டிபாடி கோமாரி வைரஸைத்தான் பிடிக்கும், அதிலும் ஊசியில் இருக்கும் ஓ, ஏ, ஏசியா-1 என்ற வகைகளை. கன்றுக் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவையோ ரோட்டா வைரஸையோ அது திரும்பிக்கூடப் பார்க்காது. "எதிர்ப்பு சக்தி" என்று ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகிவிட்டதால், அது ஏதோ ஒரு மொத்தச் சரக்கு என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஆயிரக்கணக்கான தனித்தனிப் பூட்டுகளுக்கான தனித்தனிச் சாவிகள். உங்கள் மாட்டிடம் கோமாரிக்கான சாவி நிச்சயம் இருந்திருக்கும். கழிச்சல் கிருமிக்கான சாவி இருந்ததா என்பது வேறு கேள்வி.

சரி, அந்த எச்ஐவி செய்தி. செய்தி பொய்யில்லை, ஆனால் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆன்டிபாடி ஒய் வடிவப் புரதம். அதன் இரண்டு கை நுனிகளும்தான் கிருமியைப் பிடிக்கும். அந்தப் புரதம் கனமானது, இலேசானது என்ற இரண்டு வகைச் சங்கிலிகளால் ஆனது. நுனியில் மிக முக்கியமானது, கனமான சங்கிலியில் உள்ள மூன்றாவது வளையம். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த சரம். மனிதனுக்கு அந்த வளையம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து அமினோ அமில நீளம்தான். மாட்டில் சுமார் பத்தில் ஒரு ஆன்டிபாடிக்கு அந்த வளையம் 40-ஐத் தாண்டி 70 வரைகூட நீள்கிறது. 2013-இல் அதன் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் பார்த்தபோது, நீண்ட காம்பும் அதன் முனையில் ஒரு சின்னக் குமிழும் தெரிந்தன. மாங்காயைக் காம்போடு பிடித்துத் தலைகீழாக நிறுத்தியது போல. வேறு எந்த வீட்டு விலங்கிலும் இந்த அளவுக்கு நீண்ட காம்பு பெருமளவில் இருப்பதாக அப்போது யாரும் கண்டிருக்கவில்லை.

மாடு இப்படிச் செய்வதற்குப் பின்னால் அதன் மரபணுக் கையிருப்பு இருக்கிறது. ஆன்டிபாடியின் கனச் சங்கிலி மூன்று விதமான மரபணுத் துண்டுகளை ஒட்டித் தைப்பதால் உருவாகிறது. மனிதனிடம் முதல் வகைத் துண்டு வேலைக்கு ஆகக்கூடியது சுமார் நாற்பது, அவை ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும். மாட்டிடம் அப்படிப்பட்டது ஒரு டஜன்தான், எல்லாம் ஒரே குடும்பம், ஒரே சாயல். துணி குறைவாக இருக்கும் தையல்காரர் வேலைப்பாட்டில் ஈடுகட்டுவது போல, மாடு வேறு இடத்தில் ஈடுகட்டுகிறது. நடுத் துண்டுகளில் ஒன்று அசாதாரண நீளம், ஏறத்தாழ 150 எழுத்து. அந்தத் துண்டில் பல இடங்களில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வந்துவிடும். இரண்டு சிஸ்டீன் சந்தித்தால் அவை கொக்கி போட்டுக்கொள்ளும். எந்த இரண்டு கொக்கி போடுகிறது என்பதைப் பொறுத்து அந்தக் குமிழின் வடிவமே மாறிவிடும். ஒரே கம்பியை வேறு வேறு இடத்தில் வளைத்து முடிந்து நூறு வகைக் கொலுசு முத்து செய்வது போன்ற வேலை. நோய் எதிர்ப்பியல் படித்த நாட்களில் இதை முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் மாட்டின் கழுத்தைத் தடவும்போது அது ஞாபகம் வரும்.

எச்ஐவிக்கு இது ஏன் பயன்பட்டது என்றால், அந்த வைரஸ் தன் முக்கியமான இடத்தை ஒரு குழிக்குள் வைத்து, மேலே சர்க்கரை மூலக்கூறுகளைத் தழை போலப் போர்த்திக்கொண்டிருக்கிறது. கையால் எட்டிப் பறிக்க முடியாத மாங்காய்க்குத் துரட்டி வேண்டும். மனித ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைதான் உண்டு, மாட்டிடம் துரட்டி இருக்கிறது. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு மாடுகளுக்கு எச்ஐவியின் மேலுறைப் புரதத்தை ஊசியாகப் போட்டார்கள். அவற்றில் ஒரு மாட்டைத் தொடர்ந்து பார்த்தபோது, 42-ஆம் நாளிலேயே அதன் ரத்தம் சோதித்த 117 வைரஸ் வகைகளில் 20 சதவீதத்தை முடக்கியது, 381-ஆம் நாளில் 96 சதவீதத்தை. அந்த மாட்டிலிருந்து பிரித்தெடுத்த ஓர் ஆன்டிபாடி மட்டுமே 72 சதவீதத்தை முடக்கியது, அதன் வளையம் 60 அமினோ அமில நீளம். இவ்வளவும் பதிவான உண்மை. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாடுகளுக்கு எச்ஐவிப் புரதத்தை ஊசி போட்ட பிறகுதான் அந்த ஆன்டிபாடி வந்தது என்பது. உங்கள் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டிடமோ என் வீட்டு மாட்டிடமோ அது இல்லை. துரட்டி செய்யும் பட்டறைதான் எல்லா மாட்டிடமும் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மாட்டுக்கு ஏன் இந்தத் துரட்டி வந்தது என்பது முடிவாகவில்லை. அசையிரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடு வாழ்வதால் என்று சிலர் நினைக்கிறார்கள். பொருத்தமாகத்தான் படுகிறது, ஆனாலும் அது ஊகம்தான். நாட்டு மாட்டுக்கு இது கூடுதல், ஜெர்சிக்குக் குறைவு என்று யாராவது அளந்து சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சோதனையில் இருந்தவை நம் நாட்டு மாடுகளும் இல்லை.

பி செல்கள் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டுக் கன்றுக்கு வருகிறேன். பி என்ற எழுத்தே கோழியிலிருந்து வந்தது. கோழியின் எச்சத் துவாரத்துக்கு மேலே பர்சா என்ற சின்னப் பை இருக்கிறது. நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கம்போரோ நோய் வந்தால் வீங்கிப் பிறகு சுருங்குவது அந்தப் பைதான். அதை எடுத்துவிட்ட கோழி ஆன்டிபாடி உண்டாக்காது என்று 1956-இல் கண்டார்கள். பர்சாவில் முதிரும் செல் என்பதால் பி செல். மாட்டுக்குப் பர்சா கிடையாது. எலியிலும் மனிதனிலும் பி செல் எலும்பு மஜ்ஜையிலேயே உருவாகி முதிர்கிறது. மாடும் ஆடும் வேறு வழி. மஜ்ஜையில் கொஞ்சம் நடந்தாலும், இளங்கன்றின் பி செல்கள் பெருமளவில் பெருகி வேறுபடும் இடம் குடல்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டு என்ற நீண்ட பட்டை அது.

செத்த கன்றைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது நான் அதைக் கட்டாயம் பார்ப்பேன், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் காட்டுவேன். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் குடலை விரித்துக் கீறி, தண்ணீரில் அலசினால், மற்ற இடத்தில் மெல்லிய வெல்வெட் போல இருக்கும் உட்சுவர் இங்கே தடித்து, சாம்பல் வெளுப்பாக, தேன்கூட்டை அமுக்கியது போல மேடு பள்ளமாக இருக்கும். விடாமல் நீளும், ஒரு கன்றில் இரண்டு மீட்டர்வரைகூட. இந்த மேடு ஒவ்வொன்றும் ஒரு பி செல் பட்டறை. இங்கே பிறப்பதில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடுகின்றன, சிறுபகுதிதான் உடம்புக்குள் போகிறது. இதைத் துல்லியமாக எண்ணிப் பார்த்தது செம்மறி ஆட்டில்தான். மாட்டிலும் அப்படித்தான் என்று நம்பக் காரணம் இருக்கிறது, ஆனால் அதே எண்ணிக்கையை மாட்டுக்குப் பொருத்த மாட்டேன். மாடு பருவத்துக்கு வந்தபின் இந்தப் பட்டை சுருங்கி மறைந்துவிடும். கழிச்சல் எந்தக் குடலைத் தாக்குகிறதோ, அதே குடலில்தான் கன்றின் எதிர்காலப் பி செல்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. இளங்கன்றின் குடல்மேல் இவ்வளவு கவனம் வைக்கச் சொல்வது அதனால்தான்.

இப்போது கன்று. மனிதக் குழந்தை தாயின் ஆன்டிபாடியோடுதான் பிறக்கிறது. நம் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்திலேயே நனைந்திருப்பதால், கடைசி மாதங்களில் ஆன்டிபாடி அதன் வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். மாட்டின் நஞ்சு அப்படியில்லை. கருப்பையில் காளான் போலப் புடைத்த இடங்களில் பொத்தான் மாட்டியது போல ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு ரத்தத்துக்கும் இடையில் பல அடுக்குத் திசு. ஆன்டிபாடி தாண்டாது. அதனால் கன்று தாயின் ஆன்டிபாடி ஏறக்குறைய எதுவும் இல்லாத ரத்தத்தோடு பிறக்கிறது. அதன் சொந்தப் பி செல்கள் அப்போது குறைவு, அவை கற்றுக்கொண்டு போதுமான அளவு ஆன்டிபாடி தர வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சீம்பால். கன்று போடுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மடி, தாயின் ரத்தத்திலிருந்து ஐஜிஜி1 என்ற வகை ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்து உறிஞ்சிச் சேர்த்துவைக்கிறது. அந்த வாரங்களில் தாயின் ரத்தத்தில் அதன் அளவு குறைவதை அளந்தே பார்க்கலாம். தன்னிடம் இருப்பதை எடுத்துக் கன்றுக்குக் கட்டிவைக்கிறது மாடு, இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கட்டுச்சோற்றை வாங்கிக்கொள்ளும் கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். பிறந்த கன்றின் குடல் செல்கள் ஆன்டிபாடியை உடைக்காமல் முழுசாக விழுங்கி ரத்தத்தில் விடும். முதல் சில மணி நேரம் அந்தச் சக்தி உச்சத்தில் இருக்கும், பிறகு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். இன்னொரு பக்கம், மடியில் பால் ஊற ஊறச் சீம்பாலும் நீர்த்துப்போகும். இரண்டும் ஒரே நேரத்தில் கன்றுக்கு எதிராக ஓடுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 25 கிலோ கன்றின் ரத்தத்தில் நீர்ப்பகுதி சுமார் 2 லிட்டர். நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் ஐஜிஜி இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டரை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் 125 கிராம். அதில் கால் பாகம்தான் ரத்தத்தில் சேரும் என்று வைத்தாலும் லிட்டருக்கு 15 கிராம் வந்துவிடும். லிட்டருக்கு 10 கிராம் இருந்தால் தாயின் பங்கு சேர்ந்துவிட்டது என்று நாங்கள் கணக்கில் வைப்போம். அதே கன்று, தாமதமாக, நீர்த்த சீம்பாலை ஒரு லிட்டர் மட்டும் ஊட்டினால், உள்ளே போவது 40 கிராம்தான். அதிலும் ரத்தத்தில் சேரும் பங்கு குறைந்திருக்கும். ஐந்தைத் தொடுவதே கஷ்டம். கன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துள்ளும், வால் தூக்கி ஓடும். ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்பது வெளியில் தெரியாது. கழிச்சல் கிருமி வரும்போதுதான் தெரியும்.

மலைமேல் இருந்தபோது ஒரு மார்கழி இரவு, நாகலூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் தலைச்சன் மாட்டுக்குக் கன்று இழுக்கப் போனேன். கன்று வந்துவிட்டது. நல்ல குளிர், சாக்கால் துடைத்து அடுப்போரம் கிடத்தினோம். சொம்பு கொண்டுவாங்க, பால் பீய்ச்சலாம் என்றேன். வீட்டுக்கார ஆயா நகரவில்லை. "நஞ்சு வுழுவட்டும் சாமி, அதுக்குள்ள பீச்சுனா உள்ளயே தங்கிப்போயிரும்" என்றார். பரம்பரையாக வந்த பயம், நான் போகாத ஊரில்லை, இந்தப் பேச்சு இல்லாத ஊரில்லை. ஆயா, கன்று காம்பைச் சப்பினால் மாட்டுக்கு உள்ளே ஒரு சுரப்பு ஊறும், பாலை இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருக்குவதும் அதுதான், நஞ்சு விழ அது உதவிதான் செய்யும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொம்பைக் கொண்டுவந்தார். முதல் பீச்சில் வந்தது இளமஞ்சளாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. என் பையில் கரும்பு ஆலைக்காரர்கள் சர்க்கரை பார்க்கும் பிரிக்ஸ் மீட்டர் இருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து மூடி, டார்ச் வெளிச்சத்தில் ஆயாவையே பார்க்கச் சொன்னேன். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 24-இல் நின்றது. 22-க்கு மேல் இருந்தால் நல்ல சீம்பால். கன்று ஒன்றேகால் லிட்டர் குடித்துவிட்டுத் தூங்கியது, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி குடித்தது. நஞ்சு விடிவதற்குள் தானாக விழுந்துவிட்டது என்று காலையில் போன் வந்தது. அந்த ஊரில் அதன்பிறகு நஞ்சுக்காகக் காத்திருப்பதை நிறையப் பேர் விட்டுவிட்டார்கள், ஆயாவே மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொன்னதால்.

ஆக, உங்கள் கன்றுக்கு வருவோம். பதினோரு மணிக்குப் பிறந்து விடியற்காலையில்தான் ஊட்டியது என்றால், ஐந்தாறு மணி நேரம் போயிருக்கிறது. அந்த நேரத்தில் கதவு மூடிவிடவில்லை, பாதி சாத்தியிருக்கும். தானாக ஊட்டியதில் எவ்வளவு குடித்தது என்பதும் தெரியாது. காலையில் மீதி சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் ஏலக்காய் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை, நம் பக்கம் வழக்கம் அதுதான். இவை எல்லாம் சேர்ந்தால் தாயின் பங்கு குறைவாகத்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு. ஒன்பதாம் நாள் தொடங்கிய கழிச்சல் என்பதால் ரோட்டா, கொரோனா வைரஸ் அல்லது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈ.கோலை கழிச்சல் பெரும்பாலும் முதல் நாலைந்து நாளில் வந்துவிடும். ஆனால் சாணத்தைச் சோதிக்காமல் இதை உறுதி சொல்ல முடியாது. கிருமி எதுவாக இருந்தாலும் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் போய்விடுவதுதான். கழிச்சல் கண்ட அன்றே உப்புச் சர்க்கரைக் கரைசலை ஆரம்பித்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கு வந்த புதிதில், கழிச்சல் கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு, எத்தனை மணிக்குச் சீம்பால் கொடுத்தீர்கள் என்று கேட்காமலேயே பல வீடுகளிலிருந்து திரும்பியிருக்கிறேன். அந்தக் கன்றுகள் எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கின்றன.

சீம்பாலை மனிதர் குடித்தால் எதிர்ப்பு சக்தி வருமா என்றால், ரத்தத்துக்குப் போகாது. நம் குடல் கன்றின் குடல் மாதிரி முழு ஆன்டிபாடியை உறிஞ்சாது, முட்டைப் புரதம் போலச் செரித்துவிடும். காய்ச்சினால் அதற்கு முன்பே வெந்து கட்டியாகிவிடும், காய்ச்சிய சீம்பால் திரண்டு கட்டியாவதே அதனால்தான். ஒரு கிருமிக்கு எதிராகச் சினை மாட்டுக்கு ஊசி போட்டு, அதன் சீம்பாலைப் பதப்படுத்தி, பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க மாத்திரையாக ஆஸ்திரேலியாவில் விற்கிறார்கள். அது குடலுக்குள்ளேயே கிருமியைப் பிடிக்கும், ரத்தத்தில் ஏறாது. பச்சைச் சீம்பாலை மட்டும் குடிக்காதீர்கள். கருச்சிதைவு நோய் என்று நாம் சொல்லும் புரூசெல்லோசிஸ் அப்படித்தான் வீட்டுக்குள் வரும். கன்றுக்குக் கொடுத்தபின் மீந்ததைக் காய்ச்சிச் சாப்பிடுங்கள், ருசிக்கும், சத்தும் உண்டு.

இனி இந்த முறை. ஆறு மாதச் சினை என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஏழாம் மாதம் முடிந்ததும் பாலை வற்றவிடுங்கள், கன்று போடும்வரை கறந்துகொண்டே இருந்தால் சீம்பாலில் சாரம் சேராது. மாட்டை விற்றோ இடம் மாற்றியோ விடாதீர்கள், அந்தக் கட்டுத்தறியில் இருக்கும் கிருமிகளைப் பார்த்துத்தான் அது ஆன்டிபாடி செய்திருக்கும். சந்தையில் நிறைசினை மாட்டை வாங்கி வந்து மறுவாரமே கன்று போடவைப்பதில் உள்ள ஆபத்து இதுதான், அதன் சீம்பாலில் இருப்பது பழைய வீட்டுக் கிருமிகளுக்கான சாவிகள். கன்று போடும் இடத்தைச் சுண்ணாம்பு தெளித்துக் காயவிட்டு, புது வைக்கோல் போடுங்கள். கன்று விழுந்ததும் துடைத்துத் தொப்புளில் டிங்சர் அயோடின் வைத்துவிட்டு, நஞ்சைப் பார்க்காமல் மடியைக் கழுவிச் சீம்பால் பீய்ச்சுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டருக்குக் குறையாமல், ஆறு மணி நேரத்துக்குள் மொத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு, பன்னிரண்டு மணி நேரத்தில் மறுபடி. தானாக ஊட்டினாலும் அளந்து பாட்டிலில் கொடுப்பது மேல். தலையை ரொம்ப மேலே தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கதவு மூடியபிறகும் நாலு நாள் சீம்பால் கொடுங்கள், ரத்தத்துக்குப் போகாவிட்டாலும் குடலுக்குள் கிருமியைப் பிடிக்கும். மீந்ததில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் உறைய வைத்தால் பல மாதம் கெடாது, பக்கத்து வீட்டு மாட்டுக்கு மடிநோய் வந்தால் அந்தக் கன்றுக்கு உயிர். உருக்கும்போது கொதிநீரில் போடாதீர்கள், கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்த பால் சீம்பாலுக்கு ஈடு என்று சொல்வார்கள். அது தீனிதான், அந்த ஆன்டிபாடி அதில் கிடையாது.

கன்றுக்குத் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். இரண்டு மூன்று மாதத்தில் தாயின் பங்கு தேய்ந்து, சொந்தப் பங்கு முழுசாக வராத ஓர் இறக்கம் உண்டு, அப்போது கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். அதைவிடச் சீக்கிரமே கோமாரி ஊசி போட்டால், தாய் கொடுத்த ஆன்டிபாடியே ஊசி மருந்தைப் பிடித்து வீணாக்கிவிடும், கன்றின் பி செல் எதையும் கற்றுக்கொள்ளாது. நாலு மாதம் ஆன பிறகு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்துப் பூஸ்டர் என்று வைத்திருப்பது அதற்காகத்தான். கிடேரியாக இருந்தால் நாலு முதல் எட்டு மாதத்துக்குள் புரூசெல்லா ஊசியை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

கன்று பிறந்த இரண்டாம் நாள் உங்கள் ஊர் மருத்துவரிடம் சொல்லிக் கழுத்து நாளத்திலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். உறைந்து பிரிந்த தெளிநீரை அதே பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு வைத்தால் போதும். 8.4-க்கு மேல் இருந்தால் தாயின் பங்கு கன்றுக்குள் போய்விட்டது. மீட்டர் அங்கே இல்லையென்றால் ஆத்தூர் தாண்டித் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணை எனக்கும் எழுதுங்கள்.